பத்தடிக்குப் பதினெட்டடியில் எத்தனை கோழி வளர்க்கலாம்?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 மனையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஊர் கிருஷ்ணகிரி பக்கம். வீட்டுக்குப் பின்னால் சம்ப்பும் துவைக்கிற கல்லும் போக, வடக்குத் தெற்காக 10 அடியும் கிழக்கு மேற்காக 18 அடியும் காலி இடம் இருக்கிறது. முட்டைக்காகவும் பிள்ளைகள் ஆசைக்காகவும் 12 கோழி, ஒரு சேவல் வாங்கலாம் என்று இருக்கிறோம், பாதி நாட்டுக்கோழி, பாதி கிரிராஜா. ஆன்லைனில் 12 கோழிக்குப் போதும் என்று போட்டு 4 அடிக்கு 3 அடி மரக்கூண்டு விற்கிறார்கள், அதையே ஆர்டர் போடலாம் என்கிறார் என் கணவர். மாமியாரோ, ஊரில் ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் பத்துக் கோழியை அடைத்தோமே, இதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்கிறார். பின் வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்கள் வடக்கு மதிலை ஒட்டி இருப்பதால் நாற்றம் வந்தால் சண்டைதான். கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கோழிகள் திரிய எவ்வளவு இடம் விட வேண்டும்?
ஒரு வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஆர்டரை நிறுத்தச் சொல்லுங்கள். 4க்கு 3 என்றால் 12 சதுர அடி, 12 கோழிக்குத் தலைக்கு ஒரு சதுர அடி. அது பண்ணையில் கறிக்கோழிக்குக் கொடுக்கிற இடம். அந்தக் கோழி ஆறேழு வாரத்தில் லாரி ஏறிவிடும், சண்டை போடுகிற வயது வருவதற்குள் அதன் கணக்கு முடிந்துவிடும். தரையில் உமி மாதிரிக் கூளம் போட்டு முட்டைக்கோழி வளர்க்கிற பண்ணைகளில் தலைக்கு 2 சதுர அடி விடுவார்கள், ஆனால் நாமக்கல் பக்கம் போய்ப் பார்த்தீர்கள் என்றால் அங்கே கோழிகளுக்குச் சின்ன வயதிலேயே அலகை வெட்டியிருப்பார்கள், நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கொத்திக் குதறாமல் இருக்க. உங்கள் வீட்டுக் கோழி மூன்று நான்கு வருஷம் உங்களோடு இருக்கப் போகிறது, அலகும் முழுசாக இருக்கும். அதற்குப் பண்ணைக் கணக்கு ஒத்துவராது. அந்தக் கூண்டில் மூன்று கோழி வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன், அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. பஞ்சாரத்தில் பத்துக் கோழி அடைந்தது உண்மைதான். ஆனால் விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அந்தக் கோழிகளுக்குக் களத்துமேடு, குப்பைமேடு, வைக்கோற்போர், பக்கத்து வீட்டு வேலியோரம் எல்லாம் சொந்தம். இருட்டுகிற நேரத்தில் தூங்க மட்டும்தான் அந்தக் கூடைக்குள் வரும். தூங்குகிற கோழிக்கு அவ்வளவு இடம் போதும், அவர் அனுபவம் அதில் சரியானது. ராமமூர்த்தி நகரில் அந்தக் களத்துமேடு இல்லை, அதை உங்கள் 180 சதுர அடிக்குள் நாம் செய்து தர வேண்டும். செலவு என்று ஒன்று பண்ணினால் அதற்குத்தான் பண்ண வேண்டும்.

இனி, ராத்திரி படுக்கிற இடத்தைக் கூண்டு என்றும், பகலில் திரிவதற்கு வலையடித்து வளைக்கிற இடத்தை அடைப்பு என்றும் சொல்கிறேன். பொதுவாக வீட்டுக் கோழிக்குச் சொல்கிற அளவு, கூண்டில் தலைக்கு 4 சதுர அடி, அடைப்பில் தலைக்கு 10 சதுர அடி. சிறுவிடை மாதிரி ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கிற நாட்டுக்கோழி என்றால் கூண்டில் 3 சதுர அடியிலும் சமாளித்துக்கொள்ளும், கிரிராஜா 3 கிலோவைத் தாண்டி வளர்வதால் அதற்கு 5 சதுர அடி வைத்துக்கொள்வது நல்லது. 12 கோழிக்கு இந்தக் கணக்குப்படி கூண்டு 48, அடைப்பு 120, ஆக 168 சதுர அடி. உங்களிடம் 180 இருக்கிறதே, சரியாகப் போயிற்றே என்று தோன்றும். ஆனால் நீங்கள் நடக்க, கூட்டித் தள்ள, தீவனம் வைக்க, மதிலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கட்ட இதில் இடமே இல்லை.

அதோடு, இந்த அளவெல்லாம் நல்ல வெயில் நாளுக்குச் சொன்னது. பெங்களூருவில் நான் கணக்குப் போடுவது மழை நாளை வைத்துத்தான். ஜூனில் தூறத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை அதிகம், சாயங்காலம் அடித்துக் கொட்டும், மண் காய்வதற்குள் மறுநாள் மறுபடியும் பெய்யும். கூரை இல்லாத அடைப்பு அப்போது சேறாகிவிடும். கோழி சேற்றில் இறங்காது, கூண்டுக்குள்ளேயே நிற்கும், நீங்கள் 168 சதுர அடி கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அதுவோ 48 சதுர அடியில் மூன்று நாள் நின்றுகொண்டிருக்கும். கொத்திக்கொள்வது, இறகு பிடுங்குவது, முட்டையை உடைத்துத் தின்னப் பழகுவது எல்லாம் பெரும்பாலும் அப்படி ஒரு வாரத்தில்தான் ஆரம்பிக்கும், ஆரம்பித்துவிட்டால் மழை விட்ட பிறகும் நிற்காது.

அதனால் இந்த ஊருக்கு என் யோசனை இதுதான்: கூண்டைச் சின்னதாக, சாதாரணமாகக் கட்டுங்கள், அடைப்புக்கு முழுசாகக் கூரை போடுங்கள். மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர், ஏப்ரல் வெயிலும் சென்னை அளவுக்குக் கொளுத்தாது, டிசம்பர் குளிரும் கோழியை ஒன்றும் செய்யாது. நான்கு பக்கமும் பலகை அடித்து மூடிய அழகான மரவீடு இங்கே தேவையே இல்லை, அதற்குள் காற்று போகாமல் அமோனியாவில் கோழிக்குச் சளி பிடிப்பதுதான் மிச்சம்.

உங்கள் இடத்துக்கு நான் போடுகிற அமைப்பைச் சொல்கிறேன். வடக்கு மதிலை ஒட்டி 2 அடி, மேற்கு மதிலை ஒட்டி 2 அடி நடைபாதையாக விட்டுவிடுங்கள். மேற்குக் கோடியில் கூண்டு, கிழக்கு மேற்காக 4 அடி, வடக்குத் தெற்காக 8 அடி, 32 சதுர அடி. அதைத் தரையோடு வைக்காமல் இரண்டரை அடி உயரக் கால் மேல் நிறுத்துங்கள், அப்போது கூண்டுக்கு அடியில் இருக்கிற இடமும் கோழிக்கு நிழலாகக் கிடைக்கும். அங்கிருந்து கிழக்கே 12 அடி நீளம், 8 அடி அகலம் அடைப்பு. அது 96, கூண்டின் அடி 32, மொத்தம் 128 சதுர அடி கூரைக்குக் கீழே. இந்த அளவில் 8 கோழி தாராளமாக இருக்கும், ஒரு வாரம் விடாமல் மழை பெய்தாலும் தலைக்கு 16 சதுர அடி காய்ந்த தரை இருக்கும். 12 வேண்டாம், 8 வாங்குங்கள். எட்டுக் கோழி நன்றாக முட்டையிட்டால் உங்கள் வீட்டுக்குத் தின்று தீராது.

கட்டுவதில் சில விஷயம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருப்பது நமக்கு நல்லது, வெயில் நேராக உள்ளே விழாது, கோழிப்பண்ணைக் கொட்டகை எல்லாம் அப்படித்தான் போடுவார்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும், அதனால் கூண்டின் மேற்குப் பக்கத்தை மட்டும் முழுசாகப் பலகையோ ஷீட்டோ வைத்து மூடிவிடுங்கள். கிழக்குப் பக்கம் முழுக்க வலை. வடக்கிலும் தெற்கிலும் பாதிக்கு மேல் வலை. கூரை ஓரம் சுவரைத் தாண்டி 2 அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அக்டோபரில் கிழக்கிலிருந்தும் மழை வரும். தகரக் கூரை போட்டால் மார்ச், ஏப்ரலில் மேலே தென்னங்கீற்று பரப்பிக் கட்டிவிடுங்கள். அடைப்புக் கூரை ஆறரை அடிக்குக் குறைய வேண்டாம், இதில் பிடிவாதமாக இருங்கள். குனிந்து போக வேண்டிய அடைப்பை முதல் மாதம் கூட்டுவோம், மூன்றாவது மாதம் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம். கதவு ஒரு பாண்டுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நுழைகிற அகலம் இருக்க வேண்டும், உள்பக்கமாகத் திறக்க வேண்டும், வெளிப்பக்கம் திறந்தால் காலுக்கு இடையில் புகுந்து ஓடிவிடும்.

கூண்டுக்குள்ளே உண்மையில் கணக்குப் பார்க்க வேண்டியது சதுர அடியைவிட உட்காருகிற கம்பின் நீளத்தை. கோழிக்கு 9 அங்குலம், கிரிராஜாவுக்கு 10 அல்லது 11. எட்டடிக் கூண்டில் சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒரே கம்பாக நீளவாக்கில் போட்டால் எட்டுக்கும் இடம் சரியாக வரும். இரண்டு மூன்று கம்பு ஏணி மாதிரிப் போடுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தினமும் சாயங்காலம் மேல் கம்புக்கு அடிதடி நடக்கும், கீழே இருக்கிற கோழி முதுகில் மேலே இருப்பது எச்சமிடும். கம்பு 2 அங்குல அகலமுள்ள மரமாக, விளிம்பை இழைத்து உருட்டியதாக இருக்கட்டும். இரும்புக் குழாய் வேண்டாம், பிடி கிடைக்காமல் ராத்திரி முழுக்க நழுவிக்கொண்டே இருக்கும். கூண்டின் தளத்திலிருந்து 2 அடி உயரம் போதும், கனமான கோழி உயரத்திலிருந்து குதித்துக் குதித்துப் பாதம் வீங்கி உள்ளே சீழ் கட்டிக்கொள்ளும்.

முட்டைப்பெட்டி 8 கோழிக்கு இரண்டு போதும், நாலு கோழிக்கு ஒன்று. 12 அங்குலச் சதுரம், முன்னால் 4 அங்குலத் தடுப்பு, உள்ளே கொஞ்சம் வைக்கோல். கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதில்தான் தூங்கும், காலையில் முட்டையைவிட எச்சம்தான் அதிகம் எடுப்பீர்கள். வெளியிலிருந்து திறக்கிற மூடி வைத்தால் பிள்ளைகளே முட்டை எடுத்துவிடுவார்கள்.

வலை வாங்கும்போது கவனம். கடையில் கோழி வலை என்று கேட்டால் மெல்லிய அறுகோணக் கம்பி வலையைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், தெருநாய் உள்ளே வராமல் தடுக்காது, ஒரு இழு இழுத்தால் கிழிந்துவிடும். கீழிருந்து 3 அடி உயரத்துக்காவது அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள், கூண்டுக்கு எல்லாப் பக்கமும் அதுவே. பெங்களூருவில் பகலில் கீரியும் பருந்தும் பூனையும், ராத்திரியில் மரநாயும் பெருச்சாளியும். பெருச்சாளி மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும், அதனால் அடைப்பைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்கப் போட்டு மேலே தட்டையான சப்படிக் கல்லோ உடைந்த டைல்ஸோ வைத்து அழுத்திவிடுங்கள். சுவரோரம் தோண்ட வருகிற மிருகம் வலை தட்டியதும் பின்னால் நகர்ந்து தோண்டத் தெரியாமல் விட்டுவிடும். தாழ்ப்பாள் இரண்டு போடுங்கள். தீவனத் தட்டை இருட்டியதும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டால் எலித் தொல்லை பாதி குறையும்.

கூரை போடச் சொன்னதற்கு இன்னொரு காரணம் புறா. உங்கள் ஏரியாவிலும் மாடிக்கு மாடி புறா இருக்கும், திறந்த தீவனத்தைப் பார்த்தால் கூட்டமாக இறங்கும், கோழிகளைக் கொல்கிற வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமி புறா வழியாகவும் வரும்.

சம்ப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அது உங்கள் காலி இடத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாத் தண்ணீரும் அதிலிருந்துதான் மேலே ஏறுகிறது. கோழி எச்சத்தில் சால்மோனெல்லா, ஈ-கோலி எல்லாம் இருக்கும். கொல்லைத் தரை சம்ப் பக்கமாகச் சரிந்திருந்தால் முதல் பெருமழையில் அடைப்பைக் கழுவிய தண்ணீர் மூடி விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வாளித் தண்ணீரை அடைப்பு வரப்போகிற இடத்தில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சம்ப் பக்கம் ஓடினால் மேஸ்திரியிடம் சொல்லிச் சரிவை மாற்றுங்கள், சம்ப் மூடியைச் சுற்றி அரையடிக்கு ஒரு திட்டு கட்டச் சொல்லுங்கள், அடைப்புத் தரையையும் சுற்றியுள்ள தரையைவிட அரையடி உயர்த்தி விடுங்கள். கூரைத் தண்ணீர் அடைப்புக்குள் சொட்டாமல் ஒரு பிவிசி காடி வைத்துச் சாக்கடைக்கு விடுங்கள். இது செய்யாமல் கோழி வாங்காதீர்கள், பிள்ளைகள் இருக்கிற வீடு.

நாற்றத்துக்கு வருவோம். ஒரு கோழி நாளைக்கு 100 முதல் 150 கிராம் எச்சமிடும், எட்டுக் கோழிக்கு ஒரு கிலோ. காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது, ஈரமான எச்சம்தான் அமோனியாவாகக் கிளம்பும். அதனால் நாற்றத்துக்கு மருந்து எச்சத்தைக் காய வைப்பதுதான், மற்றதெல்லாம் அப்புறம். கூண்டுத் தளத்தில் 4 முதல் 6 அங்குலத்துக்கு நெல் உமியோ நிலக்கடலைத் தோலோ போடுங்கள். கம்புக்கு நேர் கீழே ஒரு தகடு வைத்து அதில் சாம்பல் தூவினால் ராத்திரி விழுகிற எச்சம் முழுக்க அதில் சேரும், காலையில் இரண்டு நிமிஷத்தில் சுரண்டி எடுத்துவிடலாம். அடைப்புத் தரையில் காய்ந்த இலைதான் என் முதல் தேர்வு. பெங்களூருவில் பிப்ரவரி, மார்ச்சில் தெருத்தெருவாக இலை கொட்டிக் கிடக்கும், கூட்டிக் கொளுத்துவார்கள், நீங்கள் பத்துப் பதினைந்து சாக்கு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் முழுக்க வரும். கோழி அதைக் கிளறிப் பொடியாக்கிவிடும், கிளறுகிற வேலை இருந்தால் கொத்துகிற புத்தி வராது. ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் அதில் புரண்டு உடம்பில் இருக்கிற செல் பூச்சியை உதிர்த்துக்கொள்ளும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் ஈரம், உடனே கிளறிப் புதிது கலக்க வேண்டும். பிடித்து விட்டதும் மெதுவாக உதிர்ந்தால் சரி. அப்புறம் வாரம் ஒரு நாள் விடிகாலை, கூண்டைத் திறப்பதற்கு முன்னால், குனிந்து கோழி உட்கார்ந்திருக்கிற உயரத்தில் வலையோடு மூக்கை வைத்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை. நின்றபடி பார்த்தால் தெரியாது. எடுக்கிற எச்சத்தை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகும். இலையோடு கலந்து மூன்று நான்கு மாதம் மட்க விட்டுப் போடுங்கள். பின் வீட்டு அம்மாவிடம் கட்டுவதற்கு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் லேஅவுட் சங்கத்திலும் வார்டு அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

சேவல் வேண்டாம். முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. நாலு மணிக்குக் கூவ ஆரம்பித்தால் நிற்காது, 30க்கு 40 மனைகள் நெருங்கியிருக்கிற தெருவில் அந்தச் சத்தம் நாலு வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும். பிள்ளைகளுக்குக் குஞ்சு பார்க்க வேண்டுமென்றால், சிறுவிடை ஒன்று அடைக்கு உட்காரும்போது ஊரிலிருந்து கருக்கூடிய முட்டை கொண்டுவந்து வையுங்கள், 21 நாளில் பொரிந்துவிடும். ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பத்துப் பொரிந்தால் கிட்டத்தட்ட ஐந்து சேவலாக இருக்கும், நாலைந்து மாதத்தில் ஒன்றோடொன்று மோதும். அவற்றைக் கறிக்கு எடுப்பீர்களா, ஊருக்கு அனுப்புவீர்களா, பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்? இட நெருக்கடி வருகிற வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இந்த வழியாக வருவதுதான், எட்டு இருக்கிற இடத்தில் சத்தமில்லாமல் பதினாறு நிற்கும்.

நெருக்கம் அதிகமாகிவிட்டதா என்பதைச் சதுர அடி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், கூட்டத்திலேயே அடிமட்டக் கோழியைப் பாருங்கள். வால் அடியில் இறகு போய்த் தோல் சிவந்திருக்கும், தீவனம் வைத்ததும் ஓடி வராமல் மூலையில் நிற்கும், பகலிலேயே கம்பில் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் தீவனத் தட்டை இரண்டாக்கி எதிரெதிர் மூலையில் வையுங்கள், அடைப்பில் ஒரு பழைய மரப்பெட்டியையோ வேப்பங்கொப்பையோ குறுக்கே வைத்து ஒளிய இடம் கொடுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதுதான்.

பாதி நாட்டுக்கோழி, பாதி கிரிராஜா என்று கலக்கவும் வேண்டாம் என்பேன், முதல் வருஷம் மட்டுமாவது. ஒன்றரைக் கிலோவும் மூன்று கிலோவும் ஒரே கம்பில் சரிப்படாது. கிரிராஜா நம் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான இனம், இந்த ஊருக்குப் பழகியது, ஆனால் கறிக்கும் முட்டைக்கும் சேர்த்து வந்த கனத்த கோழி. முட்டைதான் முக்கியம் என்றால் அதே ஹெப்பாளின் ஸ்வர்ணதாரா பாருங்கள். அடைகாக்கிற கோழி வேண்டும் என்றால் சிறுவிடை. எதையும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்தில் லசோட்டா, இரண்டு மாத வாக்கில் ஆர்2பி என்று அதற்கு இரண்டு தடுப்பு மருந்து. சிவாஜிநகர் சந்தைப் பக்கம் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள், அதற்கு அந்த ஆன்லைன் கூண்டு அளவில் ஒரு பழைய பெட்டி போதும்.

கூண்டையும் அடைப்பையும் இந்த மழைக்கு முன்னால் கட்டி, கோழி இல்லாமலே ஒரு மழைக்காலம் நிற்க விடுங்கள், எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று தெரிந்துவிடும், அதைச் சரி செய்துவிட்டு நவம்பர் கடைசியில் மூன்று மாதக் கோழியாக எட்டு வாங்கி விடுங்கள்.